ஒன்பதாம் கொட்டகையின் இடது கை

சின்னத்தம்பி வலது கையால் இளநீர் சீவும் அழகைப் பார்த்தவர்கள், அவர் பிறவியிலேயே இடது கைக்காரர் என்றால் சிரிப்பார்கள். தேக்கா மார்க்கெட்டை ஒட்டி, பஃபலோ ரோட்டில் முப்பது வருடக் கடை. ஒரு பக்கம் பூஜைத் தேங்காய், ஒரு பக்கம் இளநீர்.

"சாமி தேங்காய இடக்கையில குடுத்தா எவன் லா வாங்குவான்? அதான் மாத்திக்கிட்டேன்" என்பார்.

பக்கத்துப் பூக்கடை வசந்தகுமாரிகூட இதை நம்பினாள். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே தெரிந்தவள் அவள். அவளே நம்பினாள் என்றால் பாருங்கள்.

நடந்தது வேறு. 1989இல், பத்தொன்பது வயதில், சின்னத்தம்பி ஒரு கும்பலில் இருந்தார். வீடியோ கடை வாசலில் கட்டம் போட்ட சட்டையோடு ஒருவன் நிற்பான், போட்டுவிட்டு வா என்றார்கள். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போனார். கட்டம் போட்ட சட்டை நின்றது. இடது கையில் பாராங் கத்தி. தோளைச் சாய்த்து, கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. தடுக்க வந்த வலது கையிலிருந்து இரண்டு விரல்கள் தெறித்துக் கால்வாயில் விழுந்தன.

ஆள் மாறிவிட்டது என்று மறுநாள்தான் தெரிந்தது. வெட்டுப்பட்டவர் அழகர்சாமி, கப்பல் பட்டறை எலக்ட்ரீஷியன். வெட்டியவனை யாரும் பிடிக்கவில்லை. சின்னத்தம்பியின் இடது கை அன்றோடு கத்தியைத் தொடவில்லை.

அந்த அழகர்சாமிதான் இப்போது எதிர்க் கட்டடத்தில் செக்யூரிட்டி. பத்து வருடமாகத் தினமும் காலையில் இளநீர் குடிக்கக் கடைக்கு வருவார். மூன்று விரலில் கரண்டி நிற்காது என்பதால் சின்னத்தம்பியே வழுக்கையைச் சுரண்டிக் கொடுப்பார். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று வசந்தகுமாரி ஊரெல்லாம் சொல்வாள். எந்த நாளில் இந்த மனுஷனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் சின்னத்தம்பிக்கு ஒரு காலையும் விட்டுப்போனதில்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கும். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து கெடுத்தார்கள்.

'ஒன்பதாம் கொட்டகை' என்று ஒரு நாவல். ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகையில் பால்காரரை வெட்டிக் கொன்ற கதை. அதைத் தொடராக எடுத்தார்கள். கதாநாயகன் பாராங்கைத் துடைப்பக்கட்டை மாதிரி பிடித்தான். "அண்ணே, உங்க கை மட்டும் போதும், முகம் வராது" என்று, இளநீர் சீவும் அழகைப் பார்த்த இயக்குநர் சின்னத்தம்பியைக் கூப்பிட்டார். டிவியில் வரும் ஆசை யாரை விட்டது? போனார்.

வலது கையால் பத்து முறை ரப்பர் கையை வெட்டினார். உயிரே இல்லை என்றார் இயக்குநர். பதினோராவது முறை, கத்தி எப்போது கை மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. சிவப்புச் சாயம் கேமராவில் அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தார்.

தொடர் வந்தது. விமர்சகர்கள் பிய்த்து எடுத்தார்கள். வசனம் செயற்கை, நாவலின் கனம் இல்லை, அந்தக் காலத்தில் ஏது அந்த மாதிரி மூக்குக் கண்ணாடி. நாவலைத் தொடாதவர்கள்தான் அதிகம் வருத்தப்பட்டார்கள். ஆனால் அந்த ஒரு வெட்டை மட்டும் எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

அது தன் கை என்று வெளியில் சொல்லாதே என்று வசந்தகுமாரியிடம் கெஞ்சியிருந்தார். மூன்று நாள் தாங்கினாள். நான்காம் நாள், அழகர்சாமி இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது செய்தித்தாளோடு வந்தாள்.

"கேளுங்கண்ணே, என்ன எழுதியிருக்கான்னு. 'கீழிருந்து எழும் அந்த இடது கைதான் தொடரின் ஒரே உண்மை. தொடர்ந்து வரும் அலறல் நெஞ்சை உலுக்குகிறது.' இது யாரு கை தெரியுமா? நம்ம சின்னத்தம்பி அண்ணன் கை."

அழகர்சாமி இளநீரைக் கீழே வைத்தார்.

"நானும் பாத்தேன்" என்றார். "வெட்டு சரி. அலறல்தான் தப்பு."

"அத ஏண்ணே தப்புங்கறீங்க?"

"வெட்டுப்பட்டவன் கத்தமாட்டான்மா. சத்தமே வராது. கையில ஐஸ் வெச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்." பிறகு சின்னத்தம்பியைப் பார்த்தார். "இடது கையில ஒண்ணு சீவு, பாப்போம்."

சின்னத்தம்பி மறுத்திருக்கலாம். கத்தியை மாற்றிப் பிடித்து, தோளைச் சாய்த்தார். கீழிருந்து மேலே. இளநீரின் தலை பறந்து சாமந்திக் கூடையில் விழுந்தது.

"முப்பத்தஞ்சு வருசமா இந்தத் தோளத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார் அழகர்சாமி. குரல் உயரவில்லை. "கத்தியக் குடு."

சின்னத்தம்பி கொடுத்தார். யாரும் சொல்லாமலே இடது கையை மரக்கட்டைமேல் விரித்து வைத்தார்.

"ஆள் மாறிப்போச்சுண்ணே" என்றார்.

"எனக்கு மாறல."

மூன்று விரல் பிடியில் கத்தி நேராக இறங்கவில்லை. கோணலாக இறங்கி, சுண்டுவிரலை நடுக்கணுவில் அறுத்துக் கட்டையில் பதிந்தது. ரத்தம் தேங்காய் அடுக்கின் மேல் அடித்தது. அலறியது வசந்தகுமாரிதான். தேக்கா மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

சின்னத்தம்பி வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியாம்மா?" என்றார் அழகர்சாமி. தன் துண்டை எடுத்து அந்தக் கையில் இறுக்கிச் சுற்றினார்.

ஆம்புலன்ஸ்காரப் பையன் எப்படி நடந்தது என்று கேட்டபோது, வசந்தகுமாரி வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"நானே வெட்டிக்கிட்டேன் தம்பி" என்றார் சின்னத்தம்பி. "ரொம்ப வருசம் முன்னாடி."

வலி மயக்கத்தில் உளறுகிறார் என்று பையன் எழுதிக்கொண்டான்.