மணமகளின் இடது கன்னம்

ஐசெல் ஆற்றங்கரை ஊரில், ரூலொஃபின் பிஸ்கட் கடைக்கு ஹில்லா வாழ்க்கைப்பட்டு வந்து பத்தொன்பது வருடம். மாவு பிசைவது அவள். மர அச்சுகளைச் செதுக்குவது அவன். டிசம்பர் திருநாளில் பையன்கள் பிடித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை உருவ பிஸ்கட் அனுப்புவார்கள். சம்மதமென்றால் மணமகள் பிஸ்கட் திரும்பி வரும். ஹில்லா அவனுக்கு அனுப்பிய மணமகளும் அவன் செதுக்கிய அச்சில் அழுத்தி எடுத்ததுதான். அந்த முகம் யாருடைய முகமும் இல்லை.

இந்த வருடம் அவன் புது மணமகள் செதுக்கினான். அவன் வெளியே போன நேரம் ஹில்லா அச்சின் குழிக்குள் விரலை ஓட்டினாள். வலது கன்னத்தில் சின்ன மேடு. அச்சில் மேடென்றால் மாவில் குழி, வலம் இடமாகும். இடது கன்னத்தில் குழி விழுவது ஊரில் ஒருத்திக்குத்தான். மாவரைக்கும் காற்றாலைக்கார விதவை மேட்டாவுக்கு.

கத்தியெடுத்து மேட்டைச் சுரண்டினாள். மேடு போனது. கை நிற்கவில்லை. அந்த இடம் பள்ளமான பிறகுதான் நிறுத்தினாள்.

மறுநாள் முதல் தட்டு வெந்து வந்தபோது, மாவு மூட்டையோடு வந்த மேட்டா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, கல்யாணப் பொண்ணு கன்னத்துல இம்மாம்பெரிய மரு! எவன் கட்டிப்பான் இவளை?"

சிரித்தாள். குழி விழுந்தது.

"மாவு குடுக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றாள் ஹில்லா.

மேட்டா போனதும் ரூலொஃப் அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"யாரு கை வச்சது?"

"எலியா இருக்கும்."

"எலி கத்தி பிடிக்குதா?"

"ஏங்க, எனக்கு ஒரு தடவையாவது என் மூஞ்சியைச் செதுக்குனீங்களா? இது அவதானே? இல்லைன்னு சொல்லுங்க."

அவன் தங்கத்தாள் கட்டை எடுத்து அவள்முன் வைத்தான்.

"மருவை மறைச்சு ஒட்டு. இருநூறு பிஸ்கட் இருக்கு."

தங்கம் ஒட்டுவது எப்போதும் அவள் வேலைதான். கிரீடத்துக்கும் கைப்பூவுக்கும் மட்டுமே ஒட்டுவாள். இன்று முட்டை வெள்ளையைத் தொட்டு ஒவ்வொரு மணமகளின் இடது கன்னத்திலும் தாளை வைத்தாள். ஒட்ட ஒட்ட அந்த முகம் அழகாகிக்கொண்டே போனது. இல்லை என்று ஒரு சொல் முதுகுப்பக்கமிருந்து வருமென்று காது கொடுத்தபடியே ஒட்டினாள். தட்டு முடிந்தது. அவன் அடுத்த தட்டைக் கொண்டுவந்து வைத்தான்.