இடப்பக்கப் பின் சில்லு

அண்ணையின் கார் எங்கள் வளவில் நின்ற காலம் முழுவதும் அது எங்களுடையது அல்ல என்பதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. மறக்க அவர் விடவுமில்லை. பிரான்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோக் கோல் எடுப்பார். முதலில் என்னைச் சுகம் கேட்பார். அடுத்த கேள்வி காரைப் பற்றியதாக இருக்கும்.

"ஸ்ராட் பண்ணி விட்டனியோ?"

"ஓம் அண்ணை."

"மீற்றரைக் காட்டு பாப்பம்."

நான் போனைக் கண்ணாடிக்குள்ளால் பிடித்து மீற்றரைக் காட்டுவேன். பிறகு காரை ஒருமுறை சுற்றி வரச் சொல்லுவார். யாரோ ஒருவர் அவருடைய காரைக் குறிகட்டுவான் துறையடியில் கண்டதாக அங்கே அவருக்குச் சொல்லியிருந்தார். அது வேறு யாருடையதோ வெள்ளைக் கார். நாங்கள் அதை எங்கும் எடுப்பதில்லை. போன முறை வந்தபோது அண்ணை அதில் யாழ்ப்பாணத்துக் கூட்டாளி வீட்டுக்குப் போய்த் தங்கி வந்ததுதான் கடைசி ஓட்டம். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் இறுப்பிட்டியிலேயே சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிறது. இவருக்கு, என் கணவருக்கு, கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை, அவருக்கும் சைக்கிள் போதும். கிழமைக்கு ஒருமுறை எஞ்சினை இயக்கி, வளவுக்குள் முன்னும் பின்னும் உருட்டி விடுவதோடு சரி.

அந்த வருடம் திருவிழாவுக்கு வருகிறேன் என்று அண்ணை சொன்ன பிறகுதான் நான் காரைச் சரியாகப் பார்த்தேன். வெள்ளை நிறம் பரவாயில்லை, கழுவினால் போய்விடும் அழுக்குத்தான். ஆனால் பம்பரின் கீழ்விளிம்பு, சில்லுகளுக்கு மேலே வளைந்து ஓடும் பட்டிகள், கண்ணாடிக் கூடுகள், வைப்பருக்குக் கீழே உள்ள தகடு, கறுப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்ரிக் எல்லாம் வெயிலிலும் கடற்காற்றிலும் வெளிறி அடுப்புச் சாம்பல் போலக் கிடந்தன. இதைக் கண்டால் அவர் என்ன நினைப்பார்? காரை வெளியில் விட்டுக் கண்டபடி ஓடித் திரிந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

முதலில் தேங்காய் எண்ணெய் பூசினேன். அன்று பின்னேரம் பார்க்க நல்ல கறுப்பு. அடுத்த நாள் சோழகக் காற்று அள்ளிக்கொண்டு வந்த புழுதி அவ்வளவும் அதில் ஒட்டி, முன்னையதை விட மோசமாகிவிட்டது. பிறகு இவருடைய சப்பாத்துப் பொலிஷை எடுத்துத் தேய்த்தேன். அதுவும் அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றியதும் கறுப்புக் கண்ணீராய் வெள்ளைக் கதவு வழியே வழிந்தது. என் சேலைத் தலைப்பில் பட்டது இன்றைக்கும் போகவில்லை.

இவர் யூரியூப்பில் ஏதோ பார்த்துவிட்டு வந்தார். "சூட்டுக் காத்து அடிக்கிற மெசின் இருக்குதாம். அதைப் பிடிச்சா உள்ளுக்கை இருக்கிற கறுப்பு மேல வருமாம். வேலணையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரிட்ட இருக்கு. நீர் பள்ளிக்கூடத்துக்குப் போம், நான் தனியச் செய்யிறன்."

"வேண்டாம். உருகினா ஆர் பதில் சொல்லுறது?"

"உருகாது, நான் பாத்துச் செய்வன்."

"வேண்டாம் எண்டனான்."

யாழ்ப்பாணத்தில் கார்ச் சாமான் விற்கும் கடையொன்றில் ஒரு சின்னப் போத்தல் வாங்கி வந்தேன். கடைக்காரர் இது மாதக்கணக்கில் நிற்கும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எண்ணெய்க்கு வாசம் போட்டுப் போத்தலில் அடைத்துத் தருகிறார்களோ என்று நினைத்து, முதலில் பின் பம்பரின் அடியில் யாரும் காணாத இடத்தில் விரலளவு பூசி, காய விட்டு, அடுத்த நாள் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. பழந்துணியால் உரசினேன். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கினேன்.

பூசுவதற்கு முன் நன்றாகக் கழுவ வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பழைய எண்ணெயும் பொலிஷும் ஒரு துளி மிஞ்சினாலும் மருந்து பிடிக்காதாம். சனிக்கிழமை காலையில் வேப்பமர நிழலுக்குக் காரை உருட்டிவிட்டு, சட்டி கழுவும் திரவமும் பல் துலக்கும் பழைய பிரஷும் எடுத்துக்கொண்டு குந்தினேன். முன் பம்பர், வலப்பக்கம், பின்பக்கம் என்று தேய்த்துக்கொண்டே வந்தேன். அழுக்குப் போகப் போகச் சாம்பல் நிறம் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது.

இடப்பக்கப் பின் சில்லுக்கு மேலிருந்த பட்டியைக் கழுவியபோது கை நின்றுவிட்டது. அது சாம்பல் இல்லை. கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். மற்றையவற்றோடு ஒப்பிட்டால் நேற்றுப் பூட்டியது போல இருந்தது. குனிந்து உள்விளிம்பைப் பார்த்தேன். மற்றச் சில்லுகளின் திருகாணிகள் எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்து மண்ணிறமாகியிருந்தன. இதில் இருந்தவை மினுங்கின. பட்டிக்குச் சற்று மேலே, கதவுப் பக்கமாக, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ற் வேறு வெள்ளையாக இருந்தது.

யாரோ காரை எங்கோ மோதியிருக்கிறார்கள். மோதியதை மறைத்தும் இருக்கிறார்கள்.

அண்ணை என்று எனக்கு நினைக்கவே தோன்றவில்லை. முப்பது வருடம் லொறி ஓடிச் சம்பாதித்தவர் அவர். காரில் காகம் எச்சமிட்டாலே எங்களுக்குச் சொல்லுகிறவர், இதைச் சொல்லாமல் விட்டிருப்பாரா? கார்த் திறப்பு இருந்தது எங்கள் அலுமாரியில். மாசி மாதம் நான் பயிற்சி வகுப்புக்காக யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தேன். அந்த நாட்களில் வீட்டில் இருந்தவர் ஒருவர்தான். சூட்டு மெசின் கொண்டு வந்து தனியச் செய்கிறேன் என்று ஆசைப்பட்டவரும் அவர்தான். ஏன் தனிய?

இவர் வேலையால் வந்ததும் நேரே கேட்டேன்.

"நான் பயிற்சிக்குப் போயிருக்கேக்க காரை வெளியில எடுத்தனீங்களோ?"

"இல்லை. ஏன்?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இவர் குந்தி, திருகாணியைத் தொட்டுப் பார்த்து, எழும்பினார்.

"எனக்குத் தெரியாது."

"அப்ப உது தானா முளைச்சதோ?"

"நான் எடுக்கேல்லை. எடுத்து முட்டியிருந்தா உமக்குச் சொல்லியிருப்பன்."

குரலில் கோபம் இல்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆட்கள் கத்துவார்கள் அல்லவா? அன்றிலிருந்து இவரைக் கவனிக்கத் தொடங்கினேன். போன் வந்தால் யார் என்று காது கொடுப்பேன். கடைக்குப் போய்ச் சுணங்கினால் ஏன் என்று கேட்பேன். சாப்பிடும்போது முகத்தைப் பார்ப்பேன். முட்டியது மதிலையா மனிதரையா என்பதுதான் என்னை நித்திரை கொள்ள விடாத கேள்வி.

பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் சந்தியில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. தீவுக்குள் எந்த வாகனம் எங்கே போனது என்று கடைக்காரருக்குத் தெரியாமல் இராது. என் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கேட்டு, பேச்சோடு பேச்சாக விசாரித்தேன்.

"அண்ணை, எங்கட வளவில நிக்கிற கார் எங்கயும் முட்டினதாக் கேள்விப்பட்டனீங்களோ?"

அவர் பம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அது முடிஞ்ச கதை, ரீச்சர். என்னட்டை ஏன் கேக்கிறியள்? உங்கட வீட்டில கேளுங்கோ."

"வீட்டில ஆரிட்டை?"

"சும்மா விடுங்கோ, ரீச்சர். ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

அவர் மறுபடி காற்றடிக்கத் தொடங்கினார். வீட்டில் இருப்பது நானும் இவரும். வேறு யாரை நினைப்பது? வந்ததும் வராததுமாக, "சைக்கிள் கடைக்காரருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியாது" என்றேன். இவர் எழும்பிப் போனார். அலுமாரியைத் திறந்து கார்த் திறப்பை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தார்.

"இனி இது உம்மட கையிலயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு, சோறு போடவோ, லைற்றை நூர்க்கவோ என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

வேலையை நான் தனியாகவே முடித்தேன். ஸ்பொஞ்சில் மருந்தை ஊற்றி, மெல்லிசாக, ஒரே திசையில் இழுத்தேன். பிளாஸ்ரிக் அதைக் குடித்தது. இரண்டாம் முறை பூசியதும் நல்ல கருங்காலிக் கறுப்பு வந்தது. இடப்பக்கப் பின் பட்டியை மட்டும் தொடவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. காய்ந்த பிறகு எட்ட நின்று பார்த்தபோதுதான் இன்னொன்று விளங்கியது. இப்போது எல்லாம் ஒரே கறுப்பு. குனிந்து திருகாணிகளைப் பார்த்தாலொழிய எது பழையது, எது மாற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. யாரோ செய்த களவை என் கையாலேயே மூடிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணை வந்திறங்கியது ஒரு முற்பகல். கொழும்பிலிருந்து வந்த வானுக்குள்ளால் இறங்கி, என் தலையைத் தடவிவிட்டு, பெட்டிகளைக் கூட உள்ளே எடுக்காமல் காரடிக்குப் போனார். மெலிந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"உதென்ன, பம்பர் மாத்தினனீங்களோ?"

"இல்லை அண்ணை. வெளிறிப் போச்சு, மருந்து பூசினனான்."

"பூசினா இப்பிடி வருமோ? இது புதுச் சாமான். ஆர் முட்டினது?"

"ஒருத்தரும் முட்டேல்லை. இஞ்ச பாருங்கோ, போத்தல்."

போத்தலை வாங்கி மணந்து பார்த்தார். பம்பரை விரலால் உரசி விரலைப் பார்த்தார். முழந்தாளிட்டு அடியில் எட்டிப் பார்த்தார். வலப்பக்க முன் சில்லின் வளைவுக்குள் கைவிட்டுத் திருகாணி ஒவ்வொன்றையும் தடவினார். பிறகு வலப்பக்கப் பின் சில்லு. பிறகு பின் பம்பர். இனி இடப்பக்கப் பின் சில்லுக்கு வருவார், மினுங்கும் திருகாணிகளைக் காண்பார், எல்லாம் வெளியே வரும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் அதைத் தாண்டிப் போனார். பார்வை கூடப் படவில்லை. நேரே இடப்பக்க முன் சில்லடியில் போய்க் குந்தி, அங்கே தடவத் தொடங்கினார்.

மூன்று சில்லையும் அங்குலம் அங்குலமாகச் சோதித்தவர் ஒன்றை ஏன் விட்டார்? 

"அண்ணை, உந்தப் பின் சில்லைப் பாக்கேல்லையே?"

"அது சரியாத்தான் இருக்கு."

"பாக்காமல் எப்பிடித் தெரியும்?"

அவர் எழும்பவில்லை. குந்தியபடியே இருந்தார். குசினி வாசலில் இவர் தேத்தண்ணித் தட்டோடு நின்றதை அப்போதுதான் கண்டேன்.

"நீங்கதானே மாத்தினனீங்கள்?" என்றேன்.

அவர் சில்லில் கையை ஊன்றிக்கொண்டார். "போன முறை. வெளிக்கிடுறதுக்கு முதல் கிழமை."

கண்ணாடியைக் கழற்றினார். இடக்கண்ணின் பார்வை வேறெங்கோ நின்றது. நீரிழிவால் அந்தக் கண் மங்கத் தொடங்கிப் பல காலமாம். அங்கே டொக்டர் இனி ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்களிடம் வேலையை விட்டு ஓய்வெடுத்ததாகச் சொன்னது இதைத்தான்.

"இஞ்ச ஆர் கேக்கப்போகினம் எண்டு ஓடினனான். மதகடியில இடப்பக்கம் திருப்பேக்க மதகுக்கட்டு எனக்குத் தெரியவே இல்லை, தங்கச்சி. சத்தம் கேட்டுத்தான் நிப்பாட்டினனான். இறங்கிப் பாத்தா கட்டுக்கும் காருக்கும் நடுவில ஒரு சைக்கிள் நசிஞ்சு கிடக்குது."

"ஐயோ. ஆள்?"

"ஆள் கீழ வாய்க்காலுக்கை கால் கழுவிக்கொண்டு நிண்டது. ஒரு நிமிசம் முந்தியெண்டா..." அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "சந்திக் கடையில புதுச் சைக்கிள் வாங்கிக் குடுத்து, ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டனான். யாழ்ப்பாணத்தில கூட்டாளி வீட்டில தங்கினன் எண்டனே, அது காரைத் திருத்தத்தான்."

"அப்ப கிழமைக்குக் கிழமை மீற்றரைக் காட்டு எண்டது?"

"நீங்கள் எடுத்து ஓடி, கராச் எங்கயும் விட்டா அவங்கள் கண்டுபிடிச்சிடுவாங்கள் எண்ட பயம்." "அங்க எனக்கு ஓட ஒண்டும் இல்லை. இதையாவது பாப்பம் எண்டும்தான்" என்றார்.

கோபப்பட நினைத்தேன், வரவில்லை. இவர் தேத்தண்ணியைக் கொண்டு வந்து அண்ணையின் கையில் கொடுத்தார். என் கோப்பையை என்னிடம் நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. பின்னேரம் கிணற்றடியில் நின்றவரிடம் போய், "பிழை என்னில" என்றேன்.

"நான் சத்தம் போட்டிருந்தா நம்பியிருப்பீரோ?" என்று கேட்டார்.  வாளியை எனக்குத் தந்துவிட்டு, தானே தண்ணீர் இழுத்து ஊற்றினார்.

திருவிழாவுக்கு நான்தான் காரை ஓடினேன். அண்ணை இடப்பக்கம் இருந்து, கியரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் வழி முழுவதும் குறை சொல்லிக்கொண்டு வந்தார். இவர் பின் சீற்றில் இருந்து சிரித்தார். பல கிழமைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

அண்ணை திரும்பிப் போவதற்கு முன் ஒரு நாள் பிரான்சிலிருந்து அவருடைய மனைவி, என் மச்சாள், எனக்குப் போன் எடுத்தா. அண்ணை எதிர்க் கதிரையில் இருந்தார்.

"உண்மையைச் சொல்லும். அவர் அங்க கார் ஓடுறாரோ?"

அண்ணை என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். சொல்லாதே என்கிறாரா, சொல் என்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"போன முறை ஓடினவர், மச்சாள். இனி ஓடமாட்டார்."

 "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றா. "போனை அவரிட்டைக் குடும்."

கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டபடி வேலிக்கரை வரைக்கும் நடந்து போனார்.