லாரி வருதா பாரு

சித்தப்பா அந்த ரெண்டு சீட் காரை வாங்கிவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் போலீஸ் பயம் குடியேறிவிட்டது. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருக்காரர்கள் அதற்குமுன் அப்படியொரு வண்டியைக் கண்டதில்லை. கூரை கிடையாது. தரையோடு தரையாகக் கிடக்கும். ஸ்டியரிங் இடது பக்கம். அந்தக் காலத்தில் யாரோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கிய பந்தயக் கார் என்று சித்தப்பா பெருமையடித்துக்கொள்வார். யார் இறக்கியது என்று கேட்டால் மட்டும் தலையைச் சொறிவார். விற்ற புரோக்கர் ஃபோனையே எடுப்பதில்லை. வண்டியோடு வந்த காகிதங்களைக் கரையான் தின்றிருந்தது.

"யாருதுன்னே தெரியாத வண்டிய ஊட்ல வெச்சிகினு கீற. திருட்டு வண்டியா இருந்தா நீ உள்ள போவ, நான் கோர்ட்டுக்கு அலையணும். மொதல்ல யாருதுன்னு கண்டுபுடி, இல்ல காயலாங்கடைக்குத் தள்ளு" என்று அப்பா போட்ட சத்தம் அடுத்த தெருவரை கேட்டிருக்கும்.

எனக்கு அப்போது எட்டு வயசு. 'உள்ள போவ' என்றால் என்னவென்று தெரியாத வயசில்லை. சித்தப்பா கம்பிக்குப் பின்னால் நிற்பது மாதிரி நினைத்துப் பார்ப்பேன். என் கணக்கு இதுதான்: சொந்தக்காரர் கிடைத்தால் 'இது என் வண்டி, புடி இவனை' என்பார். ஆகவே சொந்தக்காரர் கிடைக்கவே கூடாது. கோயிலுக்குப் போனால் சாமியிடம் இதை மட்டும்தான் கேட்டேன். சித்தப்பாவோ எதுவும் தெரியாத ஆள்போல வாரம் தவறாமல் தேடப் போனார், அதுவும் என்னைக் கூட்டிக்கொண்டு.

என்னைக் கூட்டிப்போனது பாசத்தால் மட்டுமில்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தால் நம் ஊர் ரோட்டில் முன்னால் போகிற லாரியைத் தாண்டுவது பெரும்பாடு. எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது, வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு.

"லாரி எதனா வருதா பாரு" என்பார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்து, "ஒண்ணும் வரல, போ" என்பேன். உடனே வண்டி பாயும். பக்கத்தில் லாரிச் சக்கரம் என் தலை உயரத்துக்குச் சுற்றும். எனக்கு உயிரே போய்விட்டு வரும். ஆனாலும் அவ்வளவு பெரிய மனுஷர் என் வாய்ச்சொல்லை நம்பி வண்டியை விடுகிறாரே என்ற பெருமையில் பயத்தை வெளியே காட்டமாட்டேன். இருக்கையும் எனக்கு வாகாக இருந்தது. வலது சீட்டுக்கு அடியில் மட்டும் யாரோ பலகை அடித்து உயர்த்தியிருந்தார்கள்.

சித்தப்பா அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்து, "மொத ஓனரோட சம்சாரம் குள்ளம் போல" என்று துப்பறிந்தார். பிளேடால் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே நீலம் தெரிந்தது. அதுமுதல் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை ஒவ்வொன்றிலும் ஏறி, கூரையில்லாத நீலக் கார் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் உதட்டைப் பிதுக்க, எனக்கு உள்ளூர நிம்மதி. அந்த நிம்மதியைப் பூந்தமல்லியில் பழைய இரும்புக்கடை வைத்திருந்த ஒரு பாய் கெடுத்தார்.

"இந்த வண்டியா? பருத்திப்பட்டு ஏரிக்கரையாண்ட ஒரு ஊட்ல தார்ப்பாய் போத்தி கெடந்துச்சு நைனா. நான்தான் எடுத்து புரோக்கர் கைல குடுத்தேன். அந்த ஊட்டம்மா இன்னும் அங்கதான் கீது, போய்க் கேளு."

சித்தப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றேன். தோ முடிஞ்சிடும் கண்ணு என்று நேரே பருத்திப்பட்டுக்கு விட்டார்.

கேட்டைத் திறந்துகொண்டு வந்த அம்மாளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வணக்கம் சொன்ன சித்தப்பாவை அவர் பார்க்கவே இல்லை. வலது சீட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். முகம் என்னமோ மாதிரி ஆகிவிட்டது. ஓடிவந்து என் கையைப் பிடித்து, "எறங்கு! மொதல்ல கீழ எறங்கு!" என்று கத்தி இழுத்தார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். "எங்க சித்தப்பா திருடல! போலீஸ்ல சொல்லாதீங்க!" என்று தெருவே கேட்கும்படி அலறினேன்.

அவர் என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டார். "திருட்டு வண்டி இல்ல கண்ணு. எங்க ஊட்டுக்காரர் ஆசப்பட்டு வாங்குனது. அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு" என்றார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "இந்தப் புள்ளையக் கேட்டுக்கினுதான் லாரியத் தாண்டுறியா?" என்று கேட்டார்.

சித்தப்பா ஆமென்று தலையை ஆட்டினார்.

"அவரும் அப்படித்தான். 'வருதாடா'ம்பாரு. 'வரல, போப்பா'ம்பான் எம்புள்ள. அவனுக்கு எட்டலன்னு அவரே பலக அடிச்சுக் குடுத்தாரு. ஒருநாள் வரலன்னு சொன்னான். இவரும் நம்பிப் போனாரு."

அதற்குமேல் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் காதில் விழுந்ததெல்லாம் 'திருட்டு வண்டி இல்ல' என்பதுதான். சித்தப்பா உள்ளே போகமாட்டார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்னை ஆட்டோவில் ஏற்றிவிடலாமா என்றுகூட யோசித்தார் போல. எட்டு வயசுப் பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது?

ஆவடி தாண்டியதும் முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. சித்தப்பா என்னை எதுவும் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நானாகவே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ரோடு வெறிச்சென்று கிடந்தது.

"ஒண்ணும் வரல சித்தப்பா, போ" என்றேன்.

அவர் போகவில்லை. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. லாரியிலிருந்து ஒழுகிய தண்ணீர் எங்கள் மேல் தெறித்தது. நல்லாப் பாத்துட்டேன், வரவே இல்ல, போ என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே வந்தார்.

அத்தனை நாள் நம்பியவர் இன்றைக்கு ஏன் நம்பவில்லை, நான் என்ன தப்பு செய்தேன் என்று திருமுல்லைவாயில் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.