கூழ் குடித்த தூதர்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும்; எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால் ஆள் முன்னால் எனக்கு வாய் வராது.

நேற்று ஏனாத்தூர் பஸ் நிறுத்தத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கூழ் வண்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். புளித்த கேழ்வரகு வாசனை மூக்கில் ஏறியதும் தூதர் ஐயா ஞாபகம் வந்துவிட்டது.

வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர். சுதந்திரத்துக்குப் பிறகு பல தேசங்களில் நம் நாட்டுத் தூதராக இருந்துவிட்டு, கடைசிக் காலத்தில் காஞ்சிபுரத்துச் சொந்த வீட்டுக்கு வந்தார். ராஜாக்களோடு விருந்து சாப்பிட்டவர் என்பார்கள். எனக்குத் தெரிந்தது அவருடைய கதர் ஜிப்பாதான். அவர் வீட்டு வேப்பமரத்தடியில்தான் என் இஸ்திரி வண்டி நின்றது. கதர் சுலபத்தில் படியாது. தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, பிறகு தேய்க்க வேண்டும்.

பக்கத்துத் தையல் கடையில் செல்வி இருந்தாள். எங்களுக்குள் பிடித்துப்போயிற்று. எப்படி என்று கேட்காதீர்கள், பேசியதெல்லாம் அவள்தான். அவள் அப்பா ஒரு கண்டக்டர் மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். எனக்காகப் பேச வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. செல்வி நேராக ஐயாவிடம் போனாள்.

"இவரு வாயத் தொறக்க மாட்டாரு ஐயா. நீங்க வந்து எங்கப்பாவாண்ட பேசுங்க."

எங்கள் பக்கம் பெண் கேட்கப் போனவர்கள், சம்மதம் கிடைக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். செல்வியின் ஊரான முசரவாக்கத்துக்கு பஸ்ஸில் போகும்போதே ஐயாவிடம் இதைச் சொல்லியிருந்தேன்.

அவள் அப்பா எங்களை உட்காரவைத்து, அஞ்சாங்கிளாஸ், இஸ்திரி வண்டி, ஊமை என்று என் பெருமைகளை வரிசையாகச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு ஐயா உள்ளே பார்த்து, "பசிக்குதுமா, என்னா இருக்குது?" என்றார்.

செல்வியின் அம்மா தயங்கித் தயங்கி ஒரு சொம்பில் கூழும் மோர் மிளகாயும் கொண்டுவந்தார். ஐயா மிச்சம் வைக்காமல் குடித்தார். வாசலில் நின்ற தெருவே பார்த்தது.

"இன்னாங்க இது? நான் இன்னும் சரின்னே சொல்லலியே" என்றார் அவள் அப்பா.

"உங்க பொண்ணக் கேளுபா. அவ வேணான்னா, கெழவன் பசிக்குக் குடிச்சான்னு விட்டுடு."

செல்வி உள்ளே போனாள். இன்னொரு சொம்பு கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்தச் சொம்பைப் பார்த்துவிட்டு, "குடிச்சித் தொலைபா, ஆறிடப் போவுது" என்றார். கூழ் எங்கே ஆறப் போகிறது? தெரு முழுக்கச் சிரித்தது.

திரும்பும்போது, வழக்கத்தை மறந்துவிட்டீர்களா என்று ஐயாவிடம் கேட்டேன். "ஜெயில்ல சாப்பிடாம இருந்து ஜெயிச்சோம்பா. தூதனா ஆனப்புறம் சாப்பிட்டுத்தான் ஜெயிச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

ஐயா இப்போது இல்லை. வேப்பமரம் இருந்த இடத்தில் பட்டுக் கடைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். போன வருஷம் என் மகளைக் கேட்டு வந்தவர்கள், உட்கார்ந்ததுமே கூல்டிரிங்ஸ் குடித்தார்கள். யாரும் எதுவும் நினைக்கவில்லை. "எனக்குப் புடிச்சிருக்குதுபா, நானே பேசிட்டேன்" என்றாள் மகள். தூது போக ஆள் தேடும் காலம் போயே போய்விட்டது. ஐயா இருந்திருந்தால் வேலை போய்விட்டது என்று சிரித்திருப்பார்.

தை இருபது, செவ்வாய்க்கிழமை.