ஆர்லன் எழுதிய பலகை

என் கணவர் ஆர்லன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விஸ்கான்சினில் எங்கள் சின்ன ஊருக்கு அவரைப் பேருந்துக்காரராகத் தெரிந்ததைவிடப் பலகைக்காரராகத்தான் தெரியும். போன அதிபர் எங்களுக்கு ஆகாத கட்சிக்காரர். நாடாளுமன்றத்தைக் கேட்காமலே உத்தரவு மேல் உத்தரவாகப் போட்டார். ஆர்லனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பலகையில் சிவப்புப் பெயின்டால் அதிபரின் பெயரைப் போட்டு, ‘சட்டம் போடுவது நாடாளுமன்றம், நீ ராஜா இல்லை’ என்று எழுதி, சனிக்கிழமைதோறும் நீதிமன்ற வாசலில் நின்றார். பனி கொட்டினாலும் நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு மார்லிஸ் அந்தக் கட்சி. காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நல்லது செய்கிற மனுஷனை ஏன் கரித்துக்கொட்டுகிறாய் என்று கேலி செய்வாள்.

பிறகு எங்கள் கட்சி ஜெயித்தது. புது அதிபர் உத்தரவு போடுவதில் பழையவரைத் தூக்கிச் சாப்பிட்டார். துணிச்சலான ஆள் என்று சொல்லி ஆர்லன் பலகையைக் கொட்டகையில் போட்டார். நானும் தலையாட்டினேன்.

இந்த வசந்தத்தில், சிற்றூர் மருத்துவமனைகளுக்கு நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை அதிபர் ஒரே கையெழுத்தில் நிறுத்தினார். எங்கள் ஊர் டயாலிசிஸ் பிரிவை மூடப்போகிறார்கள் என்று சேதி வந்தது. மார்லிஸின் கணவன் டுவைனின் உயிர் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஊருக்குக் காரில் போய்வரும் தெம்பு அவனுக்கு இல்லை.

மார்லிஸ் எங்கள் சமையலறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“ஆர்லன், உன் பலகையக் குடு. பேரை மட்டும் மாத்தினாப் போதும், மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

இது வேறு விஷயம் என்றார் ஆர்லன். எப்படி வேறு என்று அவள் கேட்டாள். வீண்செலவு, கடன் என்று என்னென்னவோ ஆரம்பித்தார். பாதியிலேயே அவருக்குச் சுருதி இறங்கிவிட்டது.

“எங்க ஆளு செஞ்சப்ப நான் உன்னக் கேலி பண்ணினேன். தப்புதான். அதையும் கோர்ட்டு வாசல்ல நின்னு சொல்றேன். நீயும் வாயேன். உன்னப் பாத்தா உங்க கட்சிக்காரங்க நாலு பேராவது காது குடுப்பாங்க.”

“பலகை இல்ல மார்லிஸ். குளிருக்கு அடுப்புல போட்டு எரிச்சிட்டேன்.”

பச்சைப் பொய். அன்று காலையில்கூட அதைத் தாண்டித்தான் கோழித்தீவனம் எடுத்தேன். மார்லிஸ் என்னைப் பார்த்தாள். என்னால் உட்கார முடியவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பலகையை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

ஆர்லன் என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்தார்.

“பேரைத்தான் அழிப்பா. மத்ததப் பாத்தவுடனே என் எழுத்துன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே.”

டுவைனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமை நீயும் அவளோடு போய் நிற்பாயா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் கட்சிக்காரர்கள் எல்லோரும் நீதிமன்ற வாசல் வழியாகத்தான் கடைக்குப் போவார்கள்.