பீப்பாவுக்குள் இரைந்த எஞ்சின்

விளையாட்டுக் கணினிக்குப் புதுப் புரொசெசர் போடலாமா என்று பார்க்கப் பக்கமூடியைக் கழற்றினேன். உள்ளே விசிறி இரைந்தது. கடைக்காரர் போனில் சொன்னார்: “பழைய மதர்போர்ட் தாங்கும், அண்ணை. புதுசு இவ்வளவு சூடாகாது. சத்தமே கேளாது.”

தாங்கும் என்றுதான் அப்பாவும் சொன்னார்.

என் சின்ன வயதில், பேசாலையில் எங்கள் முற்றத்தில் ஒரு பீப்பா இருந்தது. கடலுக்குப் போய் வந்ததும் அப்பா பீப்பாவில் நல்ல தண்ணீர் நிரப்பி, வள்ளத்து எஞ்சினைக் கழற்றி அதில் மாட்டி ஓடவிடுவார். உப்புக் கழுவுப்படும். மண்ணெண்ணெய்ப் புகை வீடெல்லாம் மணக்கும்.

பிறகு பெரிய எஞ்சின் ஒன்றை வாங்கி அதே வள்ளத்தில் பூட்டினார்.

“பழைய வள்ளம், தாங்குமோ?” என்று அம்மா கேட்டாள்.

“தாங்கும். கெதியாக் கடலுக்குப் போட்டு வாறன்.”

வரவில்லை. வள்ளமும் வரவில்லை. அதன்பின் செபமாலை முடிகிற ஒவ்வொரு மாலையும் அம்மா பழைய எஞ்சினைப் பீப்பாவில் மாட்டிக் கயிற்றை இழுப்பாள். சத்தம் கேட்டால் அவர் கரையைப் பிடித்துவிடுவார் என்று நம்பினாள்.

மூடியைப் பூட்டிவிட்டுக் கணினியை நிறுத்தினேன். விசிறி அடங்கியது.

அறைக்குள் படுத்திருந்த அம்மா குரல் கொடுத்தாள். “ஏன் மோனை நிப்பாட்டினாய்? அப்பாவுக்குக் கேக்க வேணுமெல்லோ.”

கணினியை மறுபடியும் போட்டேன். கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.