ஐங்கோணம் விட்ட சந்து

கணக்கு வாத்தியார் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதும், தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பியது அவர் மனைவியைத்தான். அதே பள்ளியில் அவர் ஓவிய டீச்சர்.

"வீட்டுக்காரர் எழுந்து நடக்கிற வரைக்கும் எட்டாம் வகுப்புக் கணக்கை நீங்க பார்த்துக்கோங்க."

"நானா? கணக்குன்னாலே ஓடிப்போற ஆளு மேடம் நான்!"

"வேற ஆளில்லம்மா."

விஷயத்தைக் கேட்டு வாத்தியார் கட்டிலில் கிடந்தபடி சிரித்த சிரிப்பில், மிச்சமிருந்த காலையும் முறித்துவிடலாம் போலிருந்தது டீச்சருக்கு.

மறுநாள் பாடம் கோணங்கள். கரும்பலகைப் பக்கமே போகாமல், டீச்சர் வண்ணத்தாளையும் கத்தரிக்கோலையும் மேசைகளில் பரப்பினார். "முக்கோணம், சதுரம், ஐங்கோணம், அறுகோணம் எல்லாத்தையும் பக்கமும் மூலையும் சமமா வெட்டுங்க. சந்து விடாம தரை போடுங்க பார்ப்போம்."

முக்கோணம் சேர்ந்தது. சதுரமும் அறுகோணமும் சேர்ந்தன. ஐங்கோணம் மட்டும் அடம்பிடித்தது. மூன்றைச் சேர்த்தால் ஒல்லியாக ஒரு சந்து. நான்காவது அதில் நுழையவில்லை.

"இது மட்டும் ஏன் டீச்சர் சேரல?" என்றாள் எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண்.

"தெரியலையேம்மா. நாளைக்குக் கேட்டுட்டு வரேன்."

வகுப்பே வாயைப் பிளந்தது. டீச்சருக்கே தெரியாதா!

வீட்டில் கேட்டதும் வாத்தியார் பென்சிலை எடுத்தார். டீச்சர் அதைப் பிடுங்கிவிட்டுக் கத்தரிக்கோலைக் கொடுத்தார். "சூத்திரமெல்லாம் வேண்டாங்க. வெட்டிக் காட்டுங்க."

வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே ஐங்கோணத்தை மூன்று முக்கோணங்களாக வெட்டினார். "ஒவ்வொண்ணுக்கும் மூணு கோணமும் சேர்ந்து நூத்தியெண்பது டிகிரி. மொத்தம் ஐந்நூத்தி நாப்பது. அஞ்சு மூலைக்கும் பங்கு போட்டா ஆளுக்கு நூத்தியெட்டு. மூணு மூலை சேர்ந்தா முந்நூத்தி இருபத்திநாலு. ஒரு சுத்து முழுசா அடைக்க முந்நூத்தி அறுபது வேணும். பாக்கி முப்பத்தாறு டிகிரிதான் உன் சந்து."

டீச்சர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

மறுநாள் இதைக் கேட்டதும் அந்தப் பெண், மஞ்சள் தாளில் முப்பத்தாறு டிகிரிக்கு ஒல்லியான வைர வடிவம் ஒன்றை வெட்டிச் சந்தில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

டீச்சர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். வாத்தியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இது தோணவே இல்லையே!"

கால் சரியாகி அவர் வகுப்புக்குத் திரும்பியபோது பிள்ளைகள் ஒரே குரலில், "டீச்சரும் வரட்டும் சார்" என்றார்கள். வாத்தியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் ஓவிய அறைக்கு அவரேதான் கூப்பிடப் போனார்.